அளவுக்குச் செய்யும் அடுப்படிச் சிம்னி: வெளிச்சுவரில் தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் சிம்னி செய்தபோது நான் தொடங்கிய இடமே தப்பு. ஹூட்டின், அதாவது அடுப்புக்கு மேல் புகையைப் பிடிக்கும் கவிழ்ந்த பெட்டியின், வடிவத்தை வரைந்தேன், தகட்டைத் தேர்ந்தெடுத்தேன், மோட்டார் வாங்கினேன். எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் சுவரில் போட்டு வைத்திருந்த ஓட்டை 4 அங்குலம் என்று தெரிந்தது. மோட்டாரின் 6 அங்குல வாயைக் குறுக்க ஒரு ரெடியூசர் போட்டுச் சமாளித்தோம். மோட்டார் போட்ட சத்தத்தில் குக்கர் விசில் கேட்கவில்லை. வரமிளகாய் நெடி மட்டும் வழக்கம்போல ஹாலுக்கு வந்து எல்லோரையும் கமற வைத்தது.

அதன் பிறகு உறவுக்காரர்கள், நண்பர்கள் என்று ஏழெட்டு வீடுகளில் இந்த வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அடுப்பிலிருந்து வெளியே யோசிக்கிறார்கள். வெளிச்சுவரிலிருந்து அடுப்பை நோக்கி யோசித்தால் பாதிப் பிரச்சினை வராது. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது.

கடைச் சிம்னிகள் பெரும்பாலும் 60, 75, 90 செ.மீ. அகலத்தில் வருகின்றன. அதில் உங்கள் தேவை அடங்கினால் அதையே வாங்குங்கள், செலவும் அலைச்சலும் குறைவு. அடுப்பு அகலமாக இருக்கிறது, பரண் குறுக்கே நிற்கிறது, மர வேலைக்குள் மறைக்க வேண்டும், அல்லது பின்கட்டில் பெரிய அடுப்பு வைத்துச் சமைக்கிறீர்கள் என்றால்தான் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடுப்பு வாங்கியிருக்க வேண்டும்; குறைந்தபட்சம் மாடல் முடிவாகியிருக்க வேண்டும். மேடைக்கு மேல் வைக்கும் ஸ்டவ்வா, கிரானைட்டை வெட்டி இறக்கும் ஹாப்பா என்பதைப் பொறுத்து உயரம் 4 அங்குலம் வரை மாறும். அந்த 4 அங்குலம் என்ன பாடு படுத்தும் என்பதை நான்காம் படியில் பார்க்கலாம்.

கிரானைட் போட்டு முடித்த பிறகான மேடை உயரம் வேண்டும். வரைபடத்தில் 2 அடி 9 அங்குலம் என்று இருக்கும். தரையில் டைல்ஸ் ஏறியதும் அது மாறிவிடும்.

பீம், தூண், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டி) எங்கே ஓடுகின்றன என்று கட்டடப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வீடு, படம் இல்லை என்றால் அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அடுக்குமாடியில் இருந்தால், வெளிச்சுவரில் ஓட்டை போடச் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதி, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் வரைதான் செல்லும்.

2. புகை வெளியேறும் இடத்தை முடிவு செய்யுங்கள்

அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கும் சுவர் வெளிச்சுவராக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பக்கத்துச் சுவர், அதுவும் இல்லையென்றால் மொட்டை மாடி. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழாயில் கூடும் ஒவ்வொரு அடியும் மோட்டாருக்குச் சுமை.

ஓ.டி.எஸ்., அதாவது வீடுகளுக்கு நடுவே வானம் பார்க்க விட்டிருக்கும் சந்து. அந்தப் பக்கம் திறப்பது அடுக்குமாடிகளில் எல்லோரும் செய்கிற வேலை. நான்கு வீட்டுக் குளியலறை ஜன்னல்களும் அதே சந்தில் திறக்கும்போது, உங்கள் கருவாட்டு வாசனை யார் வீட்டுக்குள் போகும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். காற்றோட்டமில்லாத மூடிய ஷாஃப்டுக்குள் விடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே படிந்து, தூசி ஒட்டி, தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

திசையையும் பாருங்கள். சென்னை, நாகை போன்ற கரையோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்கு, கிழக்குச் சுவர்களில் திறப்பு இருந்தால் மழைத் தடுப்பு மூடி கட்டாயம். கோயம்புத்தூர்ப் பக்கம் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும்போது, மேற்குச் சுவரில் நேராகத் திறந்த குழாய்க்குள் காற்று திரும்பி ஏறும், புகை அடுப்படிக்கே வந்துவிடும். அங்கே குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, உள்ளே ஒரு தடுப்பு மடலும் வையுங்கள். மோட்டார் ஓடும்போது திறந்து, நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மெல்லிய தகடுதான் அது. பல்லியையும் கரப்பானையும் கூட ஓரளவு நிறுத்தும்.

வாயில் கொசுவலை மட்டும் அடிக்காதீர்கள். மூன்று மாதத்தில் பிசுக்கு படிந்து வலை சுவராகிவிடும். புறா, அணில் தொல்லை இருந்தால் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை போதும், அதையும் கழற்றித் துடைக்கும்படி மாட்டுங்கள்.

குழாயே வேண்டாம், கரி ஃபில்டர் போட்டுக் காற்றை உள்ளேயே விடும் மாடல் போதும் என்பார்கள் சிலர். வாசனையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சூடும் ஆவியும் அடுப்படியிலேயே சுற்றும். கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். குழாய்க்கு வழியே இல்லாத வீட்டில், அதைவிட ஜன்னலில் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மேல் என்பது என் எண்ணம்.

3. குழாயின் விட்டமும் பாதையும்

அதிகம் தப்பு நடக்கும் படி இது. நிதானமாகப் படியுங்கள்.

வீட்டுச் சிம்னிக்கு 6 அங்குல விட்டம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 6 அங்குலக் குழாயில் பாதிகூட இல்லை; சுமார் 44 சதவீதம். மணிக்கு 600 கன மீட்டர் காற்று 6 அங்குலக் குழாயில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் போகும். அதே காற்று 4 அங்குலத்தில் போக வேண்டுமானால் 20 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நேர்க்குழாயில் உராய்வு ஏழு மடங்குக்கு மேல் கூடும். மோட்டாரால் அது முடியாது, அதனால் காற்றைக் குறைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

குழாய் 15 அடிக்கு மேல் ஓடினாலோ, பெரிய மோட்டார் போட்டாலோ 8 அங்குலத்துக்குப் போங்கள். மோட்டாரின் வாய் 6 அங்குலம் என்றால் அங்கேயே ஒரு விரிப்பான் வைத்து 8 ஆக்கலாம். விரிக்கலாம், வழியில் எங்கும் குறுக்கக் கூடாது.

அடுத்தது எல்போ. ஒவ்வொரு 90 டிகிரி வளைவையும் 10 அடி நேர்க்குழாயாக எண்ணுவது என் வழக்கம். 6 அடிக் குழாயில் மூன்று எல்போ போட்டால் கணக்குக்கு அது 36 அடிக் குழாய். இரண்டுக்கு மேல் போகாதபடி பாதையை வரையுங்கள். திரும்பியே ஆக வேண்டிய இடத்தில் ஒரு 90க்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டு 45 போடலாம். மோட்டார் வாயை ஒட்டியே எல்போ வைக்காதீர்கள். ஓர் அடியாவது நேராகப் போன பிறகு திருப்பினால்தான் காற்று சீராகப் போகும்.

குழாய் எதில்? கடைச் சிம்னியோடு வரும் சுருங்கி விரியும் அலுமினியக் குழாய் மலிவு, வளைக்கவும் எளிது. ஆனால் உள்ளே வரிவரியாக மடிப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு தங்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் முழுக்க இழுத்து விறைப்பாக, முடிந்தவரை குட்டையாகப் போடுங்கள். பிளம்பர்கள் பி.வி.சி. போடச் சொல்வார்கள். உள்ளே வழுவழுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும் பொருள் அது. வாணலியில் தீப்பிடித்து ஜுவாலை மேலே இழுக்கப்பட்டால் குழாயும் சேர்ந்து எரிந்து நச்சுப்புகை விடும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் சுற்றிய குழாய் ஏசி டக்ட் வேலை செய்கிறவர்களிடம் கிடைக்கும். நான் அதைத்தான் போடச் சொல்கிறேன்.

படுக்கையாகப் போகும் குழாய்க்கு வெளிப்பக்கம் சற்றுச் சரிவு கொடுங்கள், அடிக்குக் கால் அங்குலம் போதும். மழைநீரும் குழாயில் குளிர்ந்து சொட்டும் ஆவிநீரும் வெளியே போகும். சரிவு உள்பக்கமாக இருந்தால் மோட்டாருக்குள் இறங்கும்.

6 அங்குலக் குழாய் என்றால் சுவர் ஓட்டையைக் கோர் கட்டிங் மெஷினில் (வட்டமாக வெட்டி எடுக்கும் இயந்திரம்) 7 அங்குலமாகப் போடுங்கள். சுத்தியல், உளி என்று இறங்கினால் வெளிப்பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து வரும். பீமில் மட்டும் கை வைக்கவே கூடாது. ‘கம்பியை விட்டுட்டு ஓரமா போட்டுக்கலாம் சார்’ என்று யார் சொன்னாலும் சரி.

4. உயரக் கணக்கு: பரண்தான் வில்லன்

நம் ஊர் அடுப்படிகளில் 7 அடி உயரத்தில், லிண்டல் மட்டத்தில், 2 அடி அகலத்துக்குக் கான்கிரீட் பரண் ஒன்று இருக்கும். அதற்கு நேர் கீழேதான் அடுப்பும் இருக்கும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஹூட் வரைகிறவர்கள் இந்தப் பரணை மறந்துவிடுகிறார்கள்.

அடுப்பின் பாத்திரத் தாங்கியிலிருந்து ஹூட்டின் அடி வரை 26 முதல் 30 அங்குலம் விட வேண்டும். குறைந்தால் தகடும் ஃபில்டரும் சூடேறும், தீ எட்டும். கூடினால் புகை பக்கவாட்டில் நழுவிவிடும். இந்த அளவை மேடையிலிருந்து எடுக்காதீர்கள். பாத்திரம் உட்காரும் மட்டத்திலிருந்து எடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மேடை 33 அங்குலம். மேலே வைக்கும் ஸ்டவ் 6 அங்குலம், ஆக 39. இடைவெளி 28 அங்குலம், ஹூட்டின் அடி 67ல் வரும். பரணின் அடி 84. மிச்சம் 17 அங்குலம். ஹூட்டின் உடலுக்கு 10 அங்குலமாவது வேண்டும், 6 அங்குல எல்போ திரும்ப ஏறக்குறைய 9 வேண்டும். மொத்தம் 19. இடிக்கிறது.

இதே மேடையில் ஹாப் இறக்கினால் பாத்திர மட்டம் 35, ஹூட்டின் அடி 63, மிச்சம் 21. தாராளமாக அடங்கும். அடுப்பை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்குத்தான்.

ஸ்டவ்தான் வேண்டும் என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. மோட்டாரின் வாயை மேலே வைக்காமல் பின்பக்கம் வைத்து நேராகச் சுவருக்குள் விடலாம். பின்சுவர் வெளிச்சுவராக இருந்தால் இதுவே நல்லது. பரணில் ஓட்டை போட்டுக் குழாயை மேலே ஏற்றலாம். அல்லது மோட்டாரை ஹூட்டிலிருந்து பிரித்துச் சுவருக்கு வெளியே வைக்கலாம். சத்தமும் வெளியே போய்விடும், செலவு மட்டும் கூடும். வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால், பரணுக்குக் கான்கிரீட் போடும்போதே 7 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து வார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வெட்டும்போது தெறிக்கும் கம்பியும் தூசியும் இருக்காது.

சமைக்கிறவரின் உயரத்தையும் இங்கேயே பாருங்கள். ஹூட்டின் அடி 63 அங்குலம் என்றால் 5 அடி 3 அங்குலம். 5 அடி 6 அங்குலம் உயரமுள்ளவர் குனிந்து நிமிரும்போது நெற்றியில் படும். அப்படியானால் முன்விளிம்பை மட்டும் சாய்வாக மேலே ஏற்றி வரையுங்கள். நெற்றியில் பட்டாலும் கிழிக்காதபடி விளிம்பை உள்ளே மடிக்கச் சொல்லுங்கள்.

5. அகலமும் ஆழமும்: அட்டையில் வெட்டிப் பாருங்கள்

புகை மேலே போகப் போக விரியும். அதனால் ஹூட் அடுப்பைவிட இரு பக்கமும் 3 அங்குலம் அகலமாக இருக்கட்டும். 30 அங்குல அடுப்புக்கு 36 அங்குல ஹூட். ஆழத்தில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். நம் ஆட்கள் தோசைக்கல்லையும் வாணலியையும் முன் பர்னரில்தான் வைப்பார்கள். ஹூட்டின் முன்விளிம்பு, முன் பர்னரின் நடுப்புள்ளியைத் தாண்டி நாலைந்து அங்குலமாவது வர வேண்டும். 20 முதல் 22 அங்குல ஆழம் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும்.

சாய்ந்த கண்ணாடி போலத் தட்டையாக நிற்கும் மாடல்கள் பார்க்க அழகு. ஆனால் தாளிக்கும்போது ஒரே நொடியில் பொங்கும் புகையைப் பிடித்து வைக்க ஹூட்டின் அடியில் குழிவு வேண்டும். கவிழ்த்த அண்டா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இழுத்து முடிக்கும் வரை புகை அதற்குள் நிற்கும். தனியாகச் செய்வதால் கிடைக்கும் பெரிய லாபமே இந்தக் குழிவுதான். அழகுக்காக அதைத் தியாகம் செய்யாதீர்கள்.

வரைந்ததும் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் அதே அளவில் ஒரு ஹூட் வெட்டி, ஒட்டி, கயிற்றில் தொங்கவிடுங்கள். அடுப்பைப் பற்ற வைக்காமல், நின்று சமைப்பது போல ஒரு நாள் பாவனை செய்து பாருங்கள். குக்கரை இறக்குங்கள், பக்கத்து அலமாரிக் கதவைத் திறங்கள். ஒரு வீட்டில் அலமாரிக் கதவு ஹூட்டில் இடித்துப் பாதிதான் திறந்தது. அட்டையாக இருந்ததால் கத்தரிக்கோலோடு பிரச்சினை முடிந்தது.

6. மோட்டார்: பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று இழுக்கும் என்று பெட்டியில் 1200, 1400 எனப் பெரிதாக எழுதியிருக்கும். அது பெரும்பாலும் குழாய், ஃபில்டர் எதுவும் மாட்டாமல் திறந்த வெளியில் ஓட்டி எடுத்த அளவு. வீட்டில் மாட்டினால் பாதிகூட வராமல் போகலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘150 பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்று தள்ளும்?’ குழாயும் ஃபில்டரும் கொடுக்கும் தடையைத்தான் அந்த அழுத்தம் குறிக்கிறது. மோட்டார், ப்ளோயர் (காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி) தனியாக விற்பவர்களிடம் இதற்கான வரைகோட்டுப் படம் இருக்கும். இல்லை என்று கைவிரித்தால் வேறு கடை பாருங்கள்.

நமக்கு எவ்வளவு தேவை? இரண்டு கணக்குகள் போட்டு, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக் கணக்கு: 10 அடிக்கு 8 அடி அடுப்படி, 10 அடி உயரம், 800 கன அடி. அதாவது சுமார் 22.7 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 340 கன மீட்டர்.

அடுப்புக் கணக்கு: சுவரோரமாக இருக்கும் அடுப்பின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் நிமிடத்துக்கு 100 கன அடி. 30 அங்குல அடுப்புக்கு 250 கன அடி, 1.7ஆல் பெருக்கினால் மணிக்கு 425 கன மீட்டர். நடுவில் தீவு மாதிரி நிற்கும் அடுப்புக்கு அடிக்கு 150 வையுங்கள், நாலு பக்கமும் காற்று இழுத்துவிடும் என்பதால்.

பெரியது 425. தினமும் தாளிப்பு, வாரம் ஒருமுறை அப்பளம் வடை, மாதம் ஒருமுறை சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுப்பு என்றால் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 600 முதல் 650. இது குழாய் மாட்டிய பிறகும் உண்மையில் கிடைக்க வேண்டிய அளவு. இதற்கு மேல் போவது வீண், காரணம் அடுத்த படியில்.

7. வெளியே போகும் காற்று உள்ளே வந்தாக வேண்டும்

மணிக்கு 600 கன மீட்டர் வெளியே தள்ளினால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். ஜன்னலையும் கதவையும் அடைத்துவிட்டு, ‘சிம்னி இழுக்கவே இல்லை’ என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வையுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னல் சரிவராது. அதிலிருந்து வரும் காற்று புகையை ஹூட்டுக்குள் போகவிடாமல் தள்ளும். சுவர் ஃபேனும் அப்படித்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. அடுப்படியையோ யூட்டிலிட்டியையோ ஒட்டி கேஸ் கெய்சர் இருந்தால், மூடிய வீட்டில் சிம்னி அதன் புகையை வீட்டுக்குள் திருப்பி இழுக்கலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமோ வாசனையோ கிடையாது. கெய்சரை இடம் மாற்றுங்கள், அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி பாருங்கள்.

8. ஃபில்டரை வாங்கிவிட்டு ஹூட்டை வரையுங்கள்

வலை ஃபில்டரில் நம் எண்ணெய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பேஃபிள் ஃபில்டர் என்பது மடித்த தகடுகளை எதிரெதிராக அடுக்கியது. அதில் காற்று வளைந்து வளைந்து போகும்போது எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி, வழிந்து கீழே இறங்கும். தேய்ப்பதும் எளிது.

பேஃபிள் ஃபில்டர்கள் ஓட்டல் கிச்சன் சாமான் கடைகளில் தயார் அளவுகளில் கிடைக்கும். முதலில் அதை வாங்கி, அதற்கேற்ப ஹூட்டின் உள் அளவை வரையுங்கள். மாற்றிச் செய்தால், ஃபில்டர் கெட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் பட்டறைக்கு நடக்க வேண்டும். படுக்கையாக வைக்காதீர்கள், 45 டிகிரிக்குக் குறையாமல் சாய்த்து, அடியில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளமும், பள்ளத்தின் கோடியில் கழற்றும் கிண்ணமும் வையுங்கள். படுக்கையாக இருந்தால் எண்ணெய் திரும்பவும் குழம்பில்தான் சொட்டும்.

‘ஆட்டோ கிளீன்’ என்பது ப்ளோயரைச் சூடாக்கி எண்ணெயை உருக்கி இறக்கும் ஏற்பாடு. குழாயையும் ஹூட்டின் உட்புறத்தையும் அது தொடாது. இருந்தால் நல்லது, அதை நம்பித் துடைப்பதை விடாதீர்கள்.

9. தகடும் பட்டறைக்குத் தரும் படமும்

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் கேளுங்கள். 202 மலிவு, கொஞ்ச நாளில் துருப்புள்ளி வைக்கும். ‘காந்தம் ஒட்டலை பாருங்க, இது 304தான்’ என்று பட்டறையில் காட்டுவார்கள். 202லும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட, ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் இரும்புக் கடைகளில் இருக்கும். ஷீட் வாங்கும்போதே விடச் சொல்லுங்கள். கடலை ஒட்டிய வீட்டில் 304 கூடப் பழுப்புத் தேமல் போடும். ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தால் தங்காது.

தடிமனுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. போதும். 4 அடிக்கு மேல் அகலம் என்றால் 18 கேஜ், 1.2 மி.மீ. மெல்லிய தகடு மோட்டாரோடு சேர்ந்து பாடும். ஷீட் 8 அடிக்கு 4 அடியில் வரும். உங்கள் விரிப்பளவு 4 அடிக்குள் அடங்கினால் ஒட்டு வராது, கழிவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு அங்குலம் குறைத்தால் ஒரு ஷீட் மிச்சமாகுமா என்று பட்டறைக்காரரிடமே கேளுங்கள்.

படத்தில் இருக்க வேண்டியவை: முன், பக்க, அடித் தோற்றங்கள், எல்லாம் மில்லிமீட்டரில், குழாய் வாயின் நடுப்புள்ளி இடச்சுவரிலிருந்தும் மேடையிலிருந்தும் எவ்வளவு, ஃபில்டர் சாயும் கோணம், விளக்கு, சுவிட்ச் இடம், மோட்டாரைக் கழற்றக் கை போகும் வழி. கடைசியை மறந்தால் மோட்டார் பழுதாகும் நாளில் ஹூட்டையே இறக்க வேண்டிவரும். அடுப்படியில் அங்குலம், பட்டறையில் மில்லிமீட்டர் என்று பேசிக் குழம்பாதீர்கள். ஒரே அலகு, எழுத்தில்.

மூட்டுகளை ஆர்கான் வெல்டிங்கில் முழுநீளமும் அடைக்கச் சொல்லுங்கள். புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்து மேலே சிலிகான் தடவினால், சூட்டிலும் எண்ணெயிலும் சிலிகான் கிளம்பி மூட்டு வழியாகப் பழுப்புக் கோடு வழியும். உட்புறத்தையும் கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள். துடைக்கப்போவது உங்கள் கை.

10. மர உறையும் சுவரும்

மரப்பலகைக்குள் ஹூட்டை மறைப்பவர்கள், சூடு படும் உட்பக்கத்துக்கு சிமெண்ட் போர்டோ கால்சியம் சிலிகேட் போர்டோ போடுங்கள். பிளைவுட் நேராகத் தகட்டோடு ஒட்டியிருக்கக் கூடாது. ஆசாரியும் பட்டறைக்காரரும் ஒரு தடவையாவது ஒன்றாக அடுப்படியில் நிற்க வேண்டும். தனித்தனியாக அளவு எடுத்தால் அரை அங்குலம் எங்கோ தொலையும், பழியை ஒருவர் மேல் ஒருவர் போடுவார்கள்.

எடைக் கணக்கு சுலபம். 1.2 மி.மீ. எஸ்.எஸ். தகடு சதுர மீட்டருக்கு 9.5 கிலோ. இரண்டு சதுர மீட்டர் ஹூட் 19 கிலோ. மோட்டாரும் ஃபில்டரும் சேர்ந்தால் 30 தாண்டும். செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் தாங்கும். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கல்) சுவர்களில் சாதா ஆங்கர் நம்பிக்கையில்லை. மறுபக்கம் பட்டை வைத்துச் சுவரை ஊடுருவிப் போல்ட் போடுங்கள், அல்லது கூரைக் கான்கிரீட்டிலிருந்து மரையிட்ட கம்பியில் தொங்கவிடுங்கள்.

11. மின் இணைப்பு

எர்த் உள்ள மூன்று துளை 6 ஆம்பியர் சாக்கெட், ஹூட்டுக்கு மேலே, குழாய் மறைக்காத பக்கத்தில். சுவிட்ச் கைக்கு எட்டும் உயரத்தில், அடுப்புக்கு மேலே நீட்டாமல் போடும்படி. சுத்தம் செய்யும்போது முழுதாக அணைக்க அது வேண்டும்.

12. வேலை வரிசை

கோர் கட்டிங், மின்கம்பி போகும் குழாய் இரண்டும் டைல்ஸ் ஒட்டும் முன். பிறகு டைல்ஸ், கிரானைட். அதன் பிறகுதான் கடைசி அளவு எடுத்துப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். கிரானைட்டுக்கு முன்னால் எடுத்த அளவைக் கொடுத்துவிட்டு வருந்தியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஹூட் வந்ததும், பாலிஷ் கெடாமலிருக்கத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பிரிக்காமல் மாட்டி, குழாயை இணைத்து, மூட்டுகளுக்கு அலுமினிய டேப் ஒட்டி, வெளி மூடி போட்டு, வெளிச்சுவர் இடுக்கைப் பூசி, மர வேலை முடித்து, கடைசியில் தாளைப் பிரியுங்கள். அலுமினிய டேப்தான், பிளாஸ்டிக் டேப் சூட்டில் உரிந்துவிடும்.

13. சோதனை, பிறகு பாக்கிப் பணம்

மொத்தத்தில் கால் பங்கையாவது சோதனை வரை கையில் வையுங்கள். ஃபில்டரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் சிம்னி நன்றாக இழுக்கிறது என்று காட்டுவார்கள். காகிதம் எந்த மோட்டாரிலும் ஒட்டும். ஊதுபத்தி கொளுத்தி, ஹூட்டின் முன்விளிம்புக்கு அடியில், நான்கு மூலைகளிலும் பிடியுங்கள். நடுவேகத்தில் புகை உள்ளே திரும்ப வேண்டும். எந்த மூலையில் வெளியே நழுவுகிறதோ அங்கே காற்றுக் குறுக்கீடு இருக்கிறது, அல்லது ஃபில்டர் சரியாக உட்காரவில்லை.

பிறகு வெளியே போய்க் குழாய் வாயில் கை வையுங்கள். காற்று வலுவாக அடிக்கவில்லை என்றால் தடுப்பு மடல் முழுதாகத் திறக்கவில்லை. ஸ்க்ரூ ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாளித் தண்ணீரை வெளிச்சுவரில் சாய்த்து ஊற்றி மழைச் சோதனையும் செய்துவிடுங்கள்.

கடைசியாக நிஜச் சமையல். ஜன்னல் நாலு விரல் திறந்திருக்க, மோட்டாரை முதலிலேயே போட்டு, இரண்டு நிமிடம் கழித்து எண்ணெய் காய வைத்துக் கடுகும் பத்து வரமிளகாயும் போடுங்கள். ஹாலில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் இருமினால் பட்டறைக்காரரை இன்னும் அனுப்பாதீர்கள். சமையல் முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் மோட்டார் ஓடட்டும். குழாயில் நிற்கும் ஆவி வெளியேறும்.

ஃபில்டர் இரண்டு ஜோடியாக வாங்கிவிடுங்கள். ஒன்று வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறும்போது மற்றது வேலை செய்யும். எஸ்.எஸ். ஃபில்டருக்குத்தான் சோடா, அலுமினிய ஃபில்டரைச் சோடா கருக்கடித்துவிடும், அதற்குப் பாத்திர சோப்பே போதும். தினம் சமைக்கும் வீட்டில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் வாரா வாரம் எடுத்துப் பாருங்கள்.